ஆடி முடிவதற்குள் ஒரு கடிவாளம்

நான் பல் டாக்டர். மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் கிளினிக் இருக்கிறது. பதினெட்டு வருடமாக நாள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே ஒரு குதிரை நிற்கச் சொன்னால் நிற்காமல் ஓடியபோது, கோளாறு அதன் வாயில்தான் இருக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வேறு எங்கும் பார்க்கத் தோன்றவில்லை.

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வீட்டு சோபா மாதத்துக்கு ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிளினிக்கில் ஒருவருக்குப் பல் மரத்துப்போகக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் மேசை இழுப்பறைகளை இடம் மாற்றிவிடுவேன்; அப்புறம் நர்ஸ் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருப்பாள். நாற்பத்தைந்து வயதில் குதிரையேற்றம் கற்றுக்கொள்ளப் போனதும் இந்த அரிப்பினால்தான். யோகா வகுப்பில் மூச்சை அடக்கி உட்காரச் சொன்னார்கள். இரண்டாம் நாளே நின்றுவிட்டேன்.

குதிரை லாயம் திருநீர்மலைக்குப் பின்பக்கம். ஒரு பக்கம் பழைய கல்குவாரிக் குட்டை, மறுபக்கம் எழும்பிக்கொண்டே இருக்கும் அடுக்குமாடிகள், நடுவில் கம்பிவேலி போட்ட மணல் திடல். தலைக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகும். குதிரைகள் காதைக்கூட அசைக்காது. லாயத்துக்காரரை எல்லாரும் பாய் என்போம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது அவர்கள் குடும்பத் தொழில். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு, இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கும் வகுப்பு எடுக்கிறார். தீவனம், மருந்து, குதிரைகளின் போர்வைக்கு ஜரிகை தைப்பது எல்லாம் அவர் தங்கையின் பொறுப்பு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன்.

வைகாசியில் ஒரு குதிரை வந்து இறங்கியது. ஏழு வயது, செந்தவிட்டு நிறம், காயடித்த ஆண். ஐந்து வருடம் ரேஸில் ஓடியது. இனிமேல் ஜெயிக்காது என்று கழித்துவிட்டார்கள். அதை வகுப்புக்குப் பழக்க வேண்டும் என்று பாய் வாங்கினார். லாயத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு நேரம் இல்லை. காலை ஐந்தரை மணிக்கு வந்து நிற்கும் பைத்தியம் நான் ஒருத்திதான். நானே பழக்குகிறேன் என்றேன். பாய் யோசித்துவிட்டுச் சரி என்றார். மூன்று வருடம் கற்ற தைரியம் எனக்கு.

ரேஸில் ஓடிய குதிரைக்கும் திடலில் வேலை செய்யும் குதிரைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நன்றாகப் படித்திருந்தேன். ரேஸில் ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிக்கிறார். குதிரை அந்த இறுக்கத்தில் வாயைச் சாய்த்துக்கொண்டு ஓடுகிறது. பந்தயம் முடிந்து பிடியைத் தளர்த்தினால் அதுவும் தளர்ந்துவிடுகிறது. அதாவது இழுத்தால் ஓட்டம், விட்டால் நிதானம். திடலில் இது அப்படியே தலைகீழ். இதை வகுப்புக்கு வரும் ஐ.டி. ஆட்களிடம் டீ குடித்துக்கொண்டே விளக்கமாகச் சொல்வேன். அவர்களும் தலையாட்டிக் கேட்பார்கள். சொல்லி முடித்துவிட்டுக் குதிரை மேல் ஏறுவேன். அவன் வேகமெடுப்பான். நான் இழுப்பேன். அவன் இன்னும் வேகமெடுப்பான்.

படித்தது தலையில் இருந்தது, கையில் இல்லை. அது அப்போது எனக்குத் தெரியவில்லை. என் இழுப்பு அவனுக்குப் புரியும்படியான ஒரு பிட் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். பிட் என்றால் கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் இரும்புத் துண்டு. அதன் இரண்டு முனையிலும் வளையம், வளையத்தில் லகான். பிட்டில் எத்தனை விதம் என்று தேட ஆரம்பித்த அன்றே என் தூக்கம் போயிற்று.

அவன் வந்தபோது வாயில் இருந்தது ரேஸ் பிட். நடுவில் ஒரே மூட்டு. இழுத்தால் பாக்குவெட்டி மாதிரி மடங்கி நாக்கை நெரிக்கும். அதை முதல் வாரமே கழற்றினேன். அடுத்து நேரான கனத்த ரப்பர் பிட். கனமாக இருந்தால் மெத்தென்று இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் அதை மென்று, ஒரு பக்கமாகத் துப்பப் பார்த்தான். மூன்றாவது நாள் வேறொன்றுக்கு ஆர்டர் போட்டேன். கூரியர்க்காரர் மணி அடித்தால் என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "குதிரைக்கா, மனுஷங்களுக்கா?" என்று கேட்பார். பெரும்பாலும் குதிரைக்குத்தான்.

அளவு சரியில்லையோ என்று அடுத்த சந்தேகம். குதிரையின் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. பிட் அங்கேதான் உட்காரும். "கடிவாளத்துக்குன்னே அல்லா விட்டு வச்ச எடம்" என்பார் அக்கா. அந்த இடத்தை அளக்க நூலோ குச்சியோ போதும். எனக்குப் போதவில்லை. கிளினிக்கிலிருந்து, பல்செட் செய்யக் கடி அளவு எடுக்கும் மெழுகுத் தகட்டைக் கொண்டுபோனேன். வெந்நீரில் இளக்கி, கையுறை மாட்டி, நெற்றியில் விளக்கு கட்டி அவன் முன்னால் நின்றேன்.

பாய் வந்து பார்த்தார். "இன்னா டாக்டரம்மா, குதுரைக்குப் பல்லு கட்டப் போறீங்களா?"

"அளவு எடுக்கறேன் பாய். வாய் அகலம் தெரியாம எப்படிச் சரியா போடறது?"

"வாய்ல ஒண்ணும் கோளாறு கெடையாது. நல்லாத்தான் கீது. அது ஓடியே பயகின ஜாதி."

அவர் சொல்லி முடிப்பதற்குள் குதிரை மெழுகைச் சுருட்டி மென்று விழுங்கிவிட்டது. பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றிப் பழமொழி சொன்னவர்கள் பல் டாக்டரின் மெழுகைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. ஆனாலும் இரண்டாவது தகட்டில் அளவு கிடைத்தது. ஐந்தேகால் அங்குலம். அதைவிட முக்கியமாக, நாக்கு தடித்தது, மேலண்ணம் தாழ்ந்தது என்பதும் தெரிந்தது. அந்த வாய்க்குள் கனத்த பிட்டுக்கு இடமே இல்லை. மெல்லியதுதான் அவனுக்குச் சுகம். எல்லாரும் சொன்னதற்கு நேர்மாறாக நானே கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று வந்த நோயாளிகள் எல்லாரிடமும் குதிரையின் அண்ணத்தைப் பற்றிப் பேசினேன். வாய் திறந்திருந்ததால் யாரும் மறுத்துப் பேச முடியவில்லை.

கண்டுபிடித்ததைச் செய்துவிட்டுப் பொறுத்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன். மெல்லிய பிட் வர பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இடையில் ஒருவர் நெம்புகோல் வைத்த பிட் ஒன்றை இரவல் தந்தார். இரண்டு பக்கமும் நீண்ட கம்பி, தாடைக்கடியில் சங்கிலி. கொஞ்சம் இழுத்தாலும் பல மடங்காக வாயில் இறங்கும். ஆனி மாதக் கடைசி ஞாயிறு அதைப் போட்டு ஏறினேன். திடலின் மறுபாதியில் பிள்ளைகள் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது சுற்றில் அவன் வேகமெடுத்தான். இழுத்தேன். அவன் தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நேராகப் பிள்ளைகளின் நடுவே பாய்ந்தான். ஒரு மட்டக்குதிரை மிரண்டு வேலியில் மோதியது. அதன் மேலிருந்த சிறுமி கழுத்தைக் கட்டிக்கொண்டதால் விழவில்லை. நான் விழுந்தேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அப்படி எழுந்து பார்த்தால் கையில் லகானும் இல்லை, சுற்றிலும் பெற்றோர்கள் என்னை முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அவனைப் பிடித்து வந்தபோது உதட்டு ஓரத்தில் ரத்தம் இருந்தது. கீழ்த்தாடை ஈறு, அந்தப் பல்லில்லாத இடத்தில், நசுங்கிச் சிவந்திருந்தது. வாயில் ரத்தம் பார்த்து எனக்குப் பதறியதே இல்லை. அதுதான் என் பிழைப்பு. அன்று பதறியது. அது என் கை செய்தது.

மறுநாள் பாய் என்னை உட்கார வைத்துப் பேசினார். கோபமாகப் பேசவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது.

"டாக்டரம்மா, புள்ளைங்க வர்ற எடம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் கதவ மூட வேண்டியதுதான். ஆடி முடியறவரைக்கும் உங்களாண்ட வுடறேன். அதுக்குள்ள நின்னா இங்கயே கெடக்கட்டும். நிக்கலன்னா ஆவணி பொறந்ததும் ஊர்வலத்துக்கு ஒருத்தர் கேட்டுகினு கீறாரு, அவராண்ட குடுத்துருவேன்."

"அவங்க முள்ளு போடுவாங்க பாய்."

"நான் போட மாட்டேன். அவரு போட மாட்டாருன்னு நான் எப்டி சொல்றது?"

முள் கடிவாளம் என்பது வாய்க்குள் போகும் கம்பியில் கூர்கள் வைத்தது. போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பேண்டு, வெடி, ஜெனரேட்டர், கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவே குதிரை அசையாமல் நிற்க வேண்டுமே என்று இன்னும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பல்லாவரத்தில் ஒரு முகூர்த்த நாளில் ஊர்வலத்தின் பின்னால் என் கார் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக் குதிரை வாயைத் திறந்தபோது நாக்கின் ஓரத்தில் பழைய வெட்டுத் தழும்புகளைப் பார்த்தேன். அந்த நாக்குக்குத் தையல் போட யாரும் வந்திருக்க மாட்டார்கள். என் குதிரைக்கு அது நடக்கக் கூடாது. என் குதிரை என்று சொல்ல எனக்கு உரிமை ஏதும் இல்லை. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆடி பிறந்தது. வாய் ஆற ஒரு வாரம் விட்டேன். அந்த ஒரு வாரத்தில் வீட்டில் சோபா மூன்று முறை இடம் மாறியது. பிறகு, பத்து நாளில் வரும் என்ற அந்தப் பிட் வந்து சேர்ந்தது: மெல்லியது, நடுவில் சின்னதாக ஒரு தட்டைத் துண்டு வைத்து இரண்டு மூட்டு, நாக்கை நெரிக்காமல் அதன் மேல் படிந்து கிடக்கும். போட்ட முதல் நாளே அவன் தலையை உலுக்குவது நின்றது. உதட்டோரம் வெள்ளையாக நுரை கட்டியது. வாய் இளகிவிட்டதற்கு அது அடையாளம். எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஏறி ஓடவிட்டு இழுத்தால், முன்னைப் போலவே ஓடினான். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் கழற்றிவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அனகாபுத்தூரில் ஒரு தோல் பட்டறைக்குப் போய் பிட்டுக்குத் தோல் உறை தைத்துத் தரக் கேட்டேன். பட்டறைக்காரர் என் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு, "மேடம், இது எந்த வண்டி பார்ட்டு?" என்றார். தோல் உறை மூன்று நாள். செம்பு கலந்தது இரண்டு நாள். வாயில் எதுவுமே போடாமல் மூக்கின் மேல் மட்டும் அழுத்தும் பட்டை ஒன்று, ஒரே நாள். அன்று வேலியோரம் வரை போய்த் திரும்பினோம். கேன்வாஸ் பையில் பதினொரு பிட் சேர்ந்துவிட்டது. நான் நடந்தால் சமையல்காரர் கரண்டி மூட்டையோடு போவது போலச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலே அவன் லாயத்தின் மூலைக்கு ஒதுங்க ஆரம்பித்தான். அதை நான் கவனித்தேன். கவனித்தும் பையை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அக்கா தீவன வாளியோடு என்னைக் கடந்து போகும்போது ஒரு நாள் நின்றார்.

"இன்னிக்கு எதும்மா?"

"செம்பு கலந்தது. இதுலயும் நிக்கல அக்கா."

"நேத்து போட்டது?"

"அது சரியில்ல."

"அதுக்குச் சரியில்லன்னு அது சொல்லிச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு முட்டி வலி. குதிரை மேல் உட்கார்ந்தே வருடக்கணக்காகிறது. தைக்கிறவருக்கு இதில் என்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆடிக் கடைசி ஞாயிறு வந்தது. காற்று திடல் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது; கட்டட வேலை நடக்கும் இடத்தில் பச்சை வலை பட பட என்று அடித்தது. நான் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தேன். பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க ஏற வேணாம். வகுப்புக்கு வர்றவங்கல்லாம் நீங்களா? வேற ஒரு ஆள் ஏறணும். மூணு தபா ஓட வுட்டு, மூணு தபா நிக்கணும்."

"யாரு பாய்? அவன எனக்குத்தான் தெரியும்."

"எந்தங்கச்சி ஏறட்டும்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். முட்டி வலிக்காரரை ஏற்றி, அது ஓடி, அவர் விழுந்து, அன்று மாலையே வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய்விடும். பாயோடு சண்டை போடலாமா என்றுகூட இருந்தது. அதற்குள் அக்கா முக்காட்டை இறுக்கி முடிந்து அதன் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"எதப் போட்டா அது சும்மா கெடக்கும்? உங்களுக்குத்தான் அது வாய் தெரியும். நீங்களே எடுத்துக் குடுங்க."

பையைத் திறந்தேன். எது அவனை நிறுத்தும் என்றுதான் இத்தனை நாளும் தேடியிருந்தேன். அவர் கேட்டது வேறு. எதில் அவன் வாய் நிம்மதியாக இருந்தது என்றால் பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. அந்த மெல்லிய இரட்டை மூட்டுப் பிட்டை எடுத்துக் கடிவாளத்தில் பூட்டினேன். உதட்டோரம் ஒரே ஒரு மடிப்பு விழும்படி உயரம் வைத்தேன். அவன் வாயைத் தானாகவே திறந்து வாங்கிக்கொண்டான்.

அக்கா ஏற இரண்டு பேர் முட்டுக்கொடுத்தார்கள். உட்கார்ந்ததும் ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். குதிரையும் நின்றது. என் கீழ் அவன் ஒரு நாளும் அத்தனை நேரம் நின்றதில்லை. நான் விட்டிருக்க மாட்டேன். பிறகு நடை, பிறகு ஓட்டம். மூலை திரும்பியதும் அவன் வழக்கம்போல வேகமெடுத்தான். என் விரல்கள் இங்கே வேலியில் இறுகின. அங்கே அவர் விரல்கள் தளர்ந்தன. லகான் தொய்ந்தது. சேணத்தில் கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்து மூச்சு விட்டார், அவ்வளவுதான். அவன் ஒரு காதைப் பின்னால் திருப்பினான். என்ன, வேண்டாமா என்று கேட்பது போல இருந்தது. ஓட்டம் நடையாயிற்று. அப்போதுதான் அவர் விரலை மூடினார். அவன் நின்றான்.

இரண்டாவது முறையும் நின்றான். மூன்றாவது முறை பச்சை வலை ஒன்று அறுந்து திடலுக்குள்ளேயே பறந்து வந்தது. அவன் துள்ளினான், அவர் லகானைத் தொடவில்லை, நான்கு அடி தள்ளிப் போய் நின்றான்.

டீ குடித்துக்கொண்டே நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம். பிட் சரியாகத்தான் இருந்தது. நான்தான் தேர்ந்தெடுத்தேன், ஆடி இரண்டாம் வாரத்திலேயே அது என் கையில் இருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யாரும் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பாய் வேலியைத் தட்டினார். "செரி. இங்கயே கெடக்கட்டும். அந்தப் பார்ட்டிக்கு போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவன் நாக்கில் முள் ஏறாது. அதற்காகத்தானே இத்தனையும். நிம்மதியாக இருந்தது, அதே நேரம் வயிறும் எரிந்தது. இரண்டரை மாதம் காலை ஐந்தரை மணிக்கு வந்தவள் நான். அவன் நின்றது வேறொருவருக்கு.

அக்கா அவனை என்னிடம் நடத்தி வந்து மெதுவாக இறங்கினார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார். லகானை என் கையில் கொடுத்தார். அவன் உதட்டில் நுரை இருந்தது, வாய் ஆறியிருந்தது. ஏற வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் பறந்தது. இப்போதே, இந்த நிமிடமே ஏறி, எனக்கும் நிற்கிறானா என்று பார்த்துவிட வேண்டும். காலைச் சேணத்து மிதிவளையத்தில் வைத்தும்விட்டேன். அவன் இரண்டு காதும் விறைத்தன, கழுத்து இறுகியது. பிட்டைப் பற்றிக்கொள்ள வாய் தயாரானது. ஓடத் தயாரானான்.

காலை எடுத்துவிட்டேன்.

"நான் ஏறினா மறுபடியும் ஓட ஆரம்பிச்சிருவான்ல அக்கா?" என்றேன்.

இல்லை என்று சொல்வார், ஏறிப் பாருங்கள் என்பார் என்று காத்திருந்தேன். அவர் என் கையைப் பார்த்தார். விரல்கள் லகானை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இப்ப வேணாம்மா. உங்க கை பயகட்டும்" என்றார். "அது இனிமே எங்கயும் போவாது."